பால்குடி மறக்கும் வரை

மனித குலத்தின் வரலாறு தாயின் மார்பில் தொடங்குகிறது, நம் மாவட்டத்தின் வரலாறு இன்று தொடங்குகிறது என்று ஜூன் மாதத்தில் எங்கள் மாவட்டத் தலைவர் மேடையேறிச் சொன்னார். இனிமேல் சாரி-புலாக்கில் பிறக்கிற எந்தக் குழந்தையும் தாய்ப்பாலைத் தவிர வேறொரு துளி அறியாது. இதற்குப் பனிமலைகள் சாட்சி. சொல்லி முடித்ததும் தொண்டை காய்ந்துபோய், ஒரு பெரிய கிண்ணம் குதிரைப்பாலை ஒரே மூச்சில் குடித்தார். அதுவும் தாய்ப்பால்தான். குட்டி மேடைக்குப் பின்னால் கட்டிக் கிடந்தது.

ஊர் நுழைவாயிலில் பதாகை வைத்தார்கள். முதலில் அது குழந்தைக்குப் பால் கொடுக்கும் ஒரு தாயின் படமாகத்தான் இருந்ததாம். மாவட்ட அலுவலகத்தில் ஒவ்வொரு மேசையாகப் போய், ஒவ்வொரு அதிகாரியும் தன் மனசாட்சிக்கு ஏற்ப ஒரு பகுதியை மறைக்கச் சொல்ல, கடைசியில் மிஞ்சியது ஒரு பூப்போட்ட முக்காடும் ஒரு சின்னக் குதிகாலும். அந்த வழியாகப் போகும் லாரிக்காரர்கள் நிறுத்தி, இந்த முக்காடு எந்தக் கடையில் கிடைக்கும் என்று விசாரித்தார்கள்.

இத்தனை ஆரவாரத்துக்கும் நடுவில் உண்மையில் வேலை செய்தவள் துர்சுனாய் ஒருத்திதான். மருத்துவமனையில் செவிலியாக இருந்தவளைத் தலைநகருக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்துத் தாய்ப்பால் ஆலோசகர் ஆக்கியிருந்தார்கள். அவள் திரும்பி வரும்போது கம்பளியில் செய்த ஒரு மார்பையும் கொண்டுவந்தாள். பாடம் நடத்த. ஆட்டுக்கொம்புப் பூவேலையெல்லாம் போட்டு அழகாகத்தான் இருந்தது. தலைமை மருத்துவர் எசென்பெக் அதை இரண்டு வாரம் தேநீர்ப் பாத்திரத்தின் மேல் கவிழ்த்து வைத்திருந்தார். சூடு ஆறாமல் இருக்கிறது என்று பாராட்டவும் செய்தார். விஷயம் தெரிந்த பிறகு தேநீர் குடிப்பதையே கொஞ்ச நாள் விட்டிருந்தார்.

புதன்கிழமைதோறும் வகுப்பு. புதிதாகப் பிள்ளை பெற்றவர்கள் வந்து உட்காருவார்கள். கூடவே அவரவர் மாமியார். முதல் வகுப்பிலேயே துர்சுனாய், ஒவ்வொரு தாயும் தனக்கென்று ஓர் இலக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்றாள். தலைநகரில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"இலக்குன்னா என்னக்கா?"

"எவ்வளவு நாள் பால் கொடுக்கணும்னு உனக்கு ஆசையோ, அது."

"நீங்க எவ்வளவு சொல்றீங்களோ அவ்வளவுதான் எங்க ஆசை," என்றாள் ஒருத்தி. மற்றவர்களும் தலையாட்டினார்கள். ரெண்டு வருசம் என்று துர்சுனாய் சொன்னதும் எல்லோருக்கும் ரெண்டு வருசம் ஆசை வந்தது.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஜிபார் மட்டும், "எனக்கு முடிவே வேணாம்," என்றாள்.

"என்னடி, மீசை முளைக்கிற வரைக்குமா?"

"முளைச்சாலும் பரவாயில்ல. ஓரமா தள்ளிவிட்டுக் கொடுப்பேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் பக்கத்தில் இருந்த மாமியார் ஊல்கான் சிரிக்கவில்லை. அது தனக்குச் சொன்ன பதில் என்று அவளுக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்தில் தலைப்பிள்ளை தாத்தா பாட்டிக்குச் சொந்தம். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. இளம் தம்பதிக்கு வேறு பிள்ளைகள் பிறக்கும், வயதானவர்களுக்கு வீட்டில் ஒரு சத்தம் வேண்டும், அவ்வளவுதான். பிள்ளை பாட்டியை ஆபா என்று கூப்பிடும். ஆபா என்றால் அம்மா. பெற்றவளை அண்ணி என்று கூப்பிடும். பெற்றவளும் அதற்கு என்ன என்று கேட்டுப் பழகிவிடுவாள்.

ஊல்கான் பழகினவள். ஜிபாரின் கணவன் மெதெர் அவள் பெற்ற ஒரே பிள்ளை. பிறந்து நாற்பதாம் நாள் குளிப்பாட்டியபோது அவளுடைய மாமியார் பாத்மா, ஊல்கானின் பாலில் ஒரு சொட்டைத் தன் கட்டைவிரல் நகத்தில் விட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "தண்ணி மாதிரி இருக்கு. நீலம் வேற அடிக்குது," என்றாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். பிள்ளை பசும்பாலும் ரவைக் கஞ்சியும் குடித்து வளர்ந்தான். ஊல்கான் அதற்குப் பிறகு கருத்தரிக்கவில்லை. பாத்மா செத்தபோது மெதெர் உடலை எடுக்கும்போது வாசலில் விழுந்து, ஆபா, ஆபா என்று அழுதான். ஊல்கான் பக்கத்தில் செம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டு அண்ணியாக நின்றாள்.

ஆகவே இது அவளுடைய முறை. அதற்காகத்தான் அவள் இத்தனை வருடம் காத்திருந்தாள். மெதெர் மாஸ்கோவில் கூரை வேலை செய்யப் போய்விட்டான். மாமனார் கோடை முழுவதும் ஆடுகளோடு மலையில். வீட்டில் இரண்டு பெண்களும் ஒரு குழந்தையும்.

பிள்ளை தெமிர் பிறந்த அன்றே மருத்துவமனையில் ஊல்கான் மருமகளின் நெற்றியைத் தடவிச் சொன்னாள். "பால்குடி மறந்த அன்னைக்கு இவன் என் படுக்கைக்கு வருவான். அதுவரைக்கும் உன்னோடவே படுக்கட்டும், கண்ணு. நான் பாத்மா இல்ல."

ஜிபார் படுத்தபடியே தலை வணங்கினாள். அன்று முதல் அவளுக்குத் தன் மார்பு கோட்டைச் சுவராகத் தெரிய ஆரம்பித்தது.

சுவர் சரியத்தான் பார்த்தது. ஊர்ப் பெண்கள் செய்வது போலவே அவளும் தெமிரை மரத்தொட்டிலோடு சேர்த்துக் கட்டிவிட்டு, தொட்டிலின் குறுக்குக் கட்டை விலாவில் அழுத்த, மேலிருந்து குனிந்து பால் கொடுத்தாள். அவன் காம்பின் நுனியை மட்டும் கவ்வினான். காம்பு வெடித்தது. இதற்கிடையில் பிள்ளையைப் பார்க்க வருகிறவர்களுக்குத் தேநீர் ஊற்ற வேண்டும். எங்கள் ஊரில் கிண்ணத்தை நிறைத்து ஊற்றினால் எழுந்து போ என்று அர்த்தம். பாதி பாதியாகத்தான் ஊற்ற வேண்டும். ஒரு பெரியம்மா ஒரே உட்காரலில் எத்தனை பாதி குடிப்பாள் என்பதற்குக் கணக்கே கிடையாது. அந்தப் பக்கம் தெமிர் அழுவான். இந்தப் பக்கம் ஜிபார் ஊற்றிக்கொண்டே இருப்பாள். பால் குறைந்தது.

அவள் ஒரு புதன்கிழமை வகுப்பு முடிந்தும் போகாமல் உட்கார்ந்திருந்தாள். "அக்கா, என் பால் நின்னுட்டா அவனை எடுத்துக்குவாங்க," என்றாள், ஊல்கான் வாசலில் காலணி மாட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து.

துர்சுனாய் இலக்கு என்ற வார்த்தைக்கு அன்றுதான் அர்த்தம் புரிந்துகொண்டிருக்க வேண்டும். மறுநாளே வீட்டுக்குப் போனாள். தொட்டில் கட்டுகளை அவிழ்க்கச் சொன்னாள். ஜிபாரைச் சாய்த்து உட்காரவைத்து, பிள்ளையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்ட அணைத்து, "வாயை நல்லாத் தொறக்கட்டும். காம்பு மட்டும் இல்ல, சுத்தியிருக்கற கருப்பும் உள்ள போகணும். இப்ப கேளு. சும்மா சப்பினா சத்தம் வராது. பால் இறங்கினா மடக், மடக்னு முழுங்கற சத்தம் வரும். அந்தச் சத்தம்தான் சாட்சி," என்றாள்.

மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். மடக் என்றது. ஊல்கானும் கேட்டாள்.

"விருந்தாளிக்குத் தேநீர் நீங்க ஊத்துங்க, ஊல்கான் அக்கா."

"மாமியாரா? ஊத்தறதா?"

"ஊத்தினா கை தேயுமா?"

ஊல்கான் ஊற்றினாள். ஊர் மூக்கில் விரல் வைத்தது. அவள் ஒரு வகுப்பையும் விடவில்லை. எல்லா மாமியார்களும் முட்டிவலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது இவள் மட்டும் முன்வரிசையில் உட்கார்ந்து, பரீட்சைக்குப் படிக்கிறவள் மாதிரி கேட்பாள். அடிக்கடி மார்பில் போட்டால் பால் ஊறும். குடிக்கக் குடிக்கத்தான் சுரக்கும். உடம்போடு உடம்பு ஒட்டினால் சுரப்பு பெருகும்.

ஒரு நாள் துர்சுனாய், "தண்ணிப் பால்னு ஒண்ணு கிடையவே கிடையாது. எந்தத் தாயோட பாலும் அவ பிள்ளைக்குப் போதும். முதல்ல வர்றது கொஞ்சம் நீர்த்து நீலமாத்தான் தெரியும். அது தாகத்துக்கு. பின்னால வர்றது பசிக்கு," என்றாள்.

"எந்தத் தாயும்னா?" என்று கேட்டாள் ஊல்கான்.

"எல்லாத் தாயும்தான்."

"இப்ப உள்ளவங்களா?"

"எப்பவும் உள்ளவங்க, அக்கா."

"அப்பவும் அப்படித்தானா?"

"பால் எப்பவும் பால்தானே. ஏன் கேக்கறீங்க?"

"சும்மாத்தான்," என்று ஊல்கான் மடியில் இருந்த கம்பளி மார்பைப் பக்கத்துக்காரியிடம் கொடுத்தாள். பக்கத்துக்காரி வாங்கியபோது அது கசங்கிப் போயிருந்தது.

ஜிபாருக்குப் பால் வந்தது. ஆகஸ்டில் பிள்ளையின் தொடையில் மடிப்பு விழுந்தது. காலையும் மாலையும் மாடு கறக்க அவள் போகும்போது ஊல்கான் பிள்ளையை வைத்துக்கொள்வாள். அவன் சிணுங்கினால் தன் வெறும் மார்பை வாயில் வைப்பாள். இதை மறைக்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. எங்கள் ஊரில் எந்தக் கிழவியும் அதைத்தான் செய்வாள். விறகுக்கட்டையைக் கொடுத்தா வாயடைப்பார்கள்?

செப்டம்பரில் ஜிபாருக்கு மறுபடியும் பயம் பிடித்தது. மாடு கறந்துவிட்டு, தன் மார்பும் கனத்துக் கல்லாகி, ஓட்டமாக வந்து தூக்கினால் தெமிர் நாலு வாய் சப்பிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். எடையோ ஏறிக்கொண்டே போனது. துர்சுனாய் தராசைத் தட்டிப் பார்த்தாள்.

"பசும்பால் ஏதாவது கொடுக்கறாங்களா?"

"வீடு பூராத் தேடிட்டேன். புட்டி இல்ல, ரவை இல்ல. அவனே மறக்கறானோ என்னமோ. அக்கா, அவனே மறந்துட்டா நான் யாரைக் குத்தம் சொல்றது?"

துர்சுனாய் எடையை இன்னொரு தடவை போட்டுப் பார்த்தாள்.

அந்த மாதக் கடைசியில் குதிரைப் பந்தய மைதானத்தில் தாய்ப்பால் பெருவிழா நடந்தது. நிகழ்ச்சிநிரலில் முதலாவது, தாய்மார்கள் அனைவரும் ஒரே நேரத்தில் பாலூட்டுதல். அவர்களை வெள்ளைக் கம்பளக் கூடாரத்துக்குள் உட்காரவைத்து வாசலை மூடினார்கள். வெளியே வர்ணனை செய்ய, குதிரைப் பந்தயத்துக்கு எப்போதும் வர்ணனை செய்கிறவரையே அழைத்திருந்தார்கள். அவருக்கு வேறு விதமாகப் பேசத் தெரியாது.

"இதோ கிளம்பிட்டாங்க. கிழக்குப் பக்கத்து அணி முன்னால போகுது. இப்ப இடதுலேருந்து வலதுக்கு மாறுறாங்க, யாரும் தடுமாறல. கடைசிச் சுற்று," என்று அவர் கண்ணால் பார்க்காத ஒன்றை வர்ணித்துக்கொண்டிருந்தார். தலைமை மருத்துவர் ஆள் விட்டு நிறுத்தச் சொன்னார்.

இரண்டாவது, முன்மாதிரி மாமியாருக்கு விருது. வேறு யாருக்கு? ஊல்கானுக்குத்தான். தோளில் பட்டுப் பட்டை போட்டார்கள். படத்துக்காகக் கையில் பேரனைக் கொடுத்தார்கள். இரண்டு கையும் பிள்ளைமேல் இருந்தால்தான் படம் நன்றாக வரும் என்று, எசென்பெக் தானே வந்து சின்ன ஒலிவாங்கியை அவள் சட்டைக் கழுத்தில் மாட்டினார்.

"எங்க மாவட்டத்துத் தாய்மாருக்கு நாலு வார்த்தை சொல்லுங்க."

ஊல்கான் வாயைத் திறப்பதற்குள் தெமிர் திறந்துவிட்டான். வீறிட்டான். மேடைக்குக் கீழே நின்ற ஜிபார் இரண்டு கையையும் நீட்டினாள். "ஆபா, இப்படிக் கொடுங்க." பிள்ளை அந்தப் பக்கமே பார்க்கவில்லை, ஊல்கானின் நெஞ்சில் முகத்தைத் தேய்த்தான். அவள் பழக்கதோஷத்தில் கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். மேடையின் பின்னால் கட்டியிருந்த அதே பதாகையின் முக்காட்டுக்கும் குதிகாலுக்கும் எதிரே நின்று பித்தானைக் கழற்றினாள்.

அழுகை நின்றது. மைதானம் அமைதியானது. நாலு மூலை ஒலிபெருக்கியிலும் அது கேட்டது.

மடக். மடக். மடக்.

எதிர் மலையில் பட்டுத் திரும்பி வந்தது.

ஆண்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாவட்டத் தலைவர் இதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்துக் கைதட்டத் தொடங்கினார். ஆனால் வகுப்புக்குப் போன பெண்கள் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் ஜிபாரைத் திரும்பிப் பார்த்தார்கள். பயிற்சி பலித்தது என்பதற்கு எங்கள் மாவட்டத்தில் இதுவரை கிடைத்த ஒரே சான்று அதுதான். ஜிபாரின் கைகள் நீட்டியபடியே இருந்தன.

வீட்டுக்கு வந்தார்கள். பட்டுப் பட்டை ஆணியில் தொங்கியது.

"வெறும் மார்புன்னுதான் கொடுத்தேன்," என்றாள் ஊல்கான்.

"எப்பலேருந்து, ஆபா?"

"உருளைக்கிழங்கு பூத்த சமயம். ஒரு நாள் துணி ஈரமா இருந்துச்சு. வேர்வைன்னு நெனச்சேன். வேர்வை ஒட்டுமா?" தன் கட்டைவிரலைப் பார்த்தாள். "நகத்துல ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன்."

ஜிபாருக்குக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"பால் மாதிரிதான் இருந்துச்சு."

மறுநாள் முல்லா வந்தார். அழைக்காமலே வந்தார், ஊரே அவரை அனுப்பியிருந்தது. பால் உறவு இரத்த உறவுக்குச் சமம் என்பது எங்கள் ஊரில் ஆடு மேய்க்கிறவனுக்கும் தெரியும். அதற்கு மேலே எப்படிப் போவது என்பதற்குத்தான் முல்லா.

"பாவம் ஒண்ணும் இல்ல," என்றார் அவர், ஜிபார் ஊற்றிய பாதிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு. "இவ கல்யாணத்துக்கும் பாதகம் இல்ல. ஆனா முறை மாறிடுச்சு. பேரன் இப்ப பால்மகன். அப்பனும் புள்ளையும் ஒரே மார்புல குடிச்சவங்க, ஆக அண்ணன் தம்பி. அண்ணன் பொண்டாட்டி அண்ணி. நாளைக்கு அவன் இவளை அண்ணின்னு கூப்பிட்டா, வழக்கப்படியும் சரி, மார்க்கப்படியும் சரி." வழக்கமும் மார்க்கமும் இப்படி ஒத்துப்போவது அபூர்வம் என்பதால் அவர் முகத்தில் ஒரு திருப்தி.

ஜிபார் தேநீர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். பெரியவர்கள் முன்னால் மருமகள் பேசக் கூடாது. அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு சுவரிடம் பேசினாள்.

"ஆபா ஆஸ்பத்திரியில ஒரு வாக்குக் கொடுத்தாங்க. பால்குடி மறந்த பிறகுதான் அவன் என் படுக்கையை விட்டுப் போவான்னு."

"கொடுத்தியா?" என்றார் முல்லா.

"கொடுத்தேன்," என்றாள் ஊல்கான்.

"அவங்க கொடுக்கற வரைக்கும் அவன் பால்குடிப் பிள்ளை. என் பாலை அவன் மறந்தாக்கூட அவன் பால்குடி மறக்கல. அவங்க நிறுத்திட்டா, என்கிட்டதான் குடிக்க வருவான். அப்பவும் மறக்கல." அவள் சுவரில் ஒரு கறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு வழியிலயும் அவன் என் பக்கத்துலதான் படுக்கணும். நான் சொல்றதுல தப்பிருந்தா சொல்லுங்க."

முல்லா தாடியை நீவினார். கிண்ணத்தின் அடியைப் பார்த்தார். "வாக்கு வாக்குதான்," என்றார் ஒருவழியாக. ஜிபார் திரும்பி அவர் கிண்ணத்தை வாங்கி விளிம்புவரை நிறைத்துக் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு எழுந்து போனார்.

"நிறுத்தப் போறீங்களா, ஆபா?" என்று கேட்டாள் ஜிபார். குத்தலாகக் கேட்கவில்லை.

ஊல்கான் மார்பின் குறுக்கே சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமே," என்றாள்.

அப்படியே போனது. மாடு கறக்கும் வேளையில் ஊல்கான். மற்ற நேரமெல்லாம் ஜிபார். பிள்ளை படுப்பது ஜிபாரின் பக்கத்தில். நாளைக்குப் பேச்சு வந்ததும் யாரை ஆபா என்பான் என்று இரண்டு பேருக்குமே தெரியாது. இரண்டு பேரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எசென்பெக், எங்கள் மாவட்டத்தில் ஒரு குழந்தைக்கு இரண்டு தாய்மார் வீதம் பாலூட்டப்படுகிறது என்று தலைநகருக்குத் தெரிவித்தார். இரட்டிப்புச் சாதனைக்காக அவருக்கு ஒரு கடிகாரம் வந்தது.

ஞாயிறு மதியம் மெதெர் கூப்பிட்டான். ஜிபார் உள்ளறையில் பிள்ளையை அணைத்தபடி கண்ணயர்ந்திருந்தாள். ஊல்கான் கைப்பேசியைத் தேநீர்ப் பாத்திரத்தில் சாய்த்துவைத்து எதிரே உட்கார்ந்தாள். திரையில் மீசையும் சிமெண்டுத் தூசியுமாக மகன் தெரிந்தான்.

"அண்ணி, மானம் போவுது. மைதானத்துல எடுத்த வீடியோ இங்க வரைக்கும் வந்துடுச்சு. கூட வேலை செய்யறவனுங்க எல்லாம், உன் தம்பி எப்படியிருக்கான்னு கேக்கறானுங்க."

"நல்லாயிருக்கான்னு சொல்லு," என்று ஊல்கான் சிரித்தாள். பிறகு, "மெதெர், துர்சுனாய் ஒண்ணு சொன்னா. தண்ணிப் பால்னு ஒண்ணு கிடையாதாம்," என்றாள்.

"என்ன பால்?"

"ஒண்ணுமில்ல."

"சத்தமே சரியாக் கேக்கல, அண்ணி. ஜிபாரைக் கூப்புடறீங்களா?"

"தூங்கறா. எழுப்பட்டுமா?"

"வேணாம், தூங்கட்டும்." அவன் பின்னால் யாரோ கத்தினார்கள். "நான் வைக்கறேன். காலையிலேருந்து கூரை மேலதான் இருக்கேன். இன்னும் ஒண்ணும் சாப்பிடல. பசி காதை அடைக்குது."

திரை அணைந்தது. உள்ளறையில் பிள்ளை அழவில்லை, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான்.

ஊல்கானின் சட்டை முன்பக்கம் நனைந்திருந்தது.